நடுவில் இருக்கிறவர்

கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்தால் எங்கள் வீட்டில் மூன்று மாறுதல்கள் நிகழும். காபியில் டிகாக்ஷன் கூடும். டி.வி. ரிமோட் என் கையை விட்டுப் போகும். மூன்றாவது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி வரும். பி.காம். படித்த மாப்பிள்ளைக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் பெண்ணையே கொடுத்தார்.

இந்தத் தடவை அவர் வந்த நேரம், டி.வி. படுத்துவிட்டது. மெக்கானிக் நாலு நாளாக "நாளைக்குக் கண்டிப்பா வரேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்காக மேட்ச்சை விட முடியுமா? செல்போனை ஊறுகாய் ஜாடி மேல் சாய்த்து வைத்து, நானும் அவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

பௌலர் ஓடி வருகிறார். மேல் வீட்டில் "ஓ...!" என்று ஒரு கூச்சல். எங்கள் ஜாடியில் பௌலர் இன்னும் ஓடி வந்துகொண்டுதான் இருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்டம்ப் எகிறியது.

இரண்டாவது விக்கெட்டுக்கும் இதே கதை நடந்ததும் மாமனார் நிமிர்ந்தார்.

"மேல் வீட்டுக்காரருக்கு ஜோசியம் கீசியம் தெரியுமா மாப்ளே?"

"அவங்க டிஷ் வச்சிருக்காங்க மாமா. நமக்கு நெட் வழியா வருது. கொஞ்சம் லேட்டாகும்."

"ஏன் லேட்டாகணும்? நடுவுல யாரு உட்கார்ந்திருக்கான்?"

'நடுவுல' என்ற வார்த்தையை அவர் சும்மா சொல்ல மாட்டார். 35 வருஷம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு ஸ்டாக்கிஸ்டாக இருந்தவர். கம்பெனிக்கும் கடைக்கும் நடுவில் நின்று இருபக்கமும் இடி வாங்கியவர். "சரக்கு இருந்தா கம்பெனிக்குப் பேரு. இல்லேன்னா ஸ்டாக்கிஸ்டுக்குத் திட்டு" என்பது அவருடைய சுயசரிதை. மொத்தமே அவ்வளவுதான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. 'நாளைக்குச் சொல்றேன் மாமா' என்று மெக்கானிக் மாதிரியே சொல்லிவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரை படித்தேன். நடுவில் ஒரு ஆள் இருக்கத்தான் இருக்கிறார். சாதாரண ஆள் இல்லை.

மைதானத்தில் எடுக்கும் படம் நேராக என் போனுக்கு ஓடி வருவதில்லை. சில விநாடி நீளத் துண்டுகளாக நறுக்குகிறார்கள். அந்தத் துண்டுகள் ஊருக்கு ஊர் வைத்திருக்கிற கம்ப்யூட்டர்களுக்குப் போய், அங்கிருந்து நம் போனுக்கு வருகின்றன. நம் போனும் உஷார். கையில் சில துண்டுகள் சேர்ந்த பிறகுதான் முதல் துண்டையே காட்டும். மேல் வீட்டுக்காரரின் ஜோசியம் இதுதான்.

"ஆக, கோடவுன்" என்றார் மாமனார்.

சாட்சாத் கோடவுன்! ஒரு ஆள் மேட்ச் பார்த்தால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருவதுதான் தகராறு.

2019 ஜூலை 10 ஞாபகம் இருக்கிறதா? எப்படி மறக்கும்! மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரையிறுதி. நியூஸிலாந்தோடு ஆட்டம். மழையால் ஒரு நாள் தள்ளிப் போன மேட்ச். தோனி நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஆபீஸ் பாத்ரூம்களிலும் பஸ்களிலும் ஜனங்கள் போனைத் திறந்தார்கள். ஹாட்ஸ்டார் செயலியில் மட்டும் ஒரே சமயத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர். அந்தத் தேதியில் அது உலக ரிகார்டு. அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஐ.பி.எல். ஃபைனலில் நம் சென்னை ஒரு ரன்னில் தோற்றதே, அதைப் பார்த்து அழுதவர்கள் 1 கோடியே 86 லட்சம் பேர்.

கப்டில் எறிந்த பந்து ஸ்டம்ப்பில் பட்டது. தோனி ரன் அவுட். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். என்னைப் போலவே நாடு முழுக்கக் கவிழ்த்திருக்கிறார்கள். கூட்டம் சரசரவென்று 10 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது.

கூட்டம் போனால் நிம்மதிதானே என்று நினைப்போம். அதுதான் கிடையாது. மேட்ச்சை விட்டுப் போகிறவர் எல்லாரும் 'பேக்' பொத்தானை அழுத்துகிறார்கள். அழுத்தினால் செயலியின் முகப்புப் பக்கம் வரும். கோடிப் பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும்! சினிமா விட்டதும் தியேட்டர் வாசலில் ஏற்படுகிற நெரிசல் இது. கூட்டம் வருவதைவிடக் கலைவது ஆபத்து என்பதை அந்தக் கம்பெனியின் இன்ஜினீயர்களே பிற்பாடு மேடை போட்டு விளக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தைத் தோளில் சுமந்த கம்பெனிக்குப் பெயர் அகமாய். தமிழில் ஏதோ அர்த்தம் இருப்பது போலத் தோன்றும். இல்லை, ஹவாய்த் தீவு பாஷை. 'கெட்டிக்காரத்தனம்' என்று பொருள். தலைமையகம் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில்.

எம்.ஐ.டி. என்ற கல்விச்சாலையும் அதே ஊரில்தான். 1995-ல் அங்கே டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு கவலையைச் சொன்னார். வலைத்தளம் என்ற சமாசாரத்தையே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். 'இந்த வலையில் கூட்டம் சேரப் போகிறது. ஒரே தளத்துக்கு ஒரே நேரத்தில் எல்லாரும் வந்தால் படுத்துவிடும். யாராவது வழி கண்டுபிடியுங்கள்' என்பது கவலையின் சாரம். டாம் லெய்ட்டன் என்ற கணிதப் பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். கணக்கு வாத்தியாருக்குக் கூட்டமும் ஒரு கணக்குத்தான். அவரிடம் 1996-ல் மாணவராக வந்து சேர்ந்தவர் டேனியல் லெவின். டென்வரில் பிறந்து, 14 வயதில் பெற்றோருடன் இஸ்ரேலுக்குப் போய், அங்கே ராணுவத்தின் கமாண்டோ பிரிவில் இருந்துவிட்டு, பிறகு படிக்க வந்தவர்.

அவர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'கன்சிஸ்டன்ட் ஹாஷிங்' என்று அதில் ஒரு முறை. பயப்படாதீர்கள், கும்பகோணத்துக்காரருக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

"மகாமகத்துக்கு வர்ற ஜனங்களுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கணும் மாமா. பத்துக் கடை போட்டிருக்கீங்க. எல்லாருக்கும் டோக்கன் நம்பர். யார் எந்தக் கடைக்குப் போகணும்?"

"பத்தால வகுத்து மீதியைப் பார்க்க வேண்டியதுதான். 47-ஆம் நம்பர்னா ஏழாம் கடை."

"பேஷ். திடீர்னு ஒரு கடை மூடிப் போச்சு. இப்போ ஒன்பதால வகுக்கணும். 47-ஆம் நம்பர் எங்கே போகும்?"

மனசுக்குள் வகுத்தார். "ரெண்டாம் கடை."

"48?"

"எட்டாம் கடையிலேருந்து மூணுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "அடடா, எல்லாருமே இடம் மாறணுமே! மூடினது ஒரு கடை, ஓடறது மொத்த ஜனமுமா? மிதிபட்டுல்ல சாவாங்க?"

1992 மகாமகத்தின்போது அவர் ஊரில் இருந்தவர். மிதிபடுவது என்று அவர் சொல்வது பேச்சுக்காக அல்ல. அதனால் சட்டென்று அடுத்த பாகத்துக்குப் போனேன்.

குளத்தைச் சுற்றிக் கரையில் அங்கங்கே கடைகள். ஒவ்வொரு ஜனத்துக்கும் கரையில் நிற்க ஓர் இடம் குறித்தாகிவிட்டது. அந்த இடத்திலிருந்து பிரதட்சிணமாக நடக்க வேண்டும். எதிர்ப்படுகிற முதல் கடை அவருடையது. வகுத்தல், மீதி ஒன்றும் கிடையாது. ஒரு கடை மூடிவிட்டால் அந்தக் கடையின் வாடிக்கைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் நடந்து அடுத்த கடைக்குப் போவார்கள். மற்றவர்கள் நின்ற இடத்தில் நிம்மதியாக இருப்பார்கள். இங்கே ஜனம் என்பது இணையத்திலுள்ள படம், பாட்டு, துண்டு துண்டான கிரிக்கெட். கடை என்பது கம்ப்யூட்டர்.

எனக்கு இது புரிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாமனார் முப்பதே விநாடியில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"அது சரி. மூடின கடையோட மொத்தக் கூட்டமும் அடுத்த கடைக்காரன் தலையில விழுதே. அவன் செத்தான்!"

அந்தக் கட்டுரையிலேயே அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கடைக்காரருக்கு ஒரே பெரிய கடை வேண்டாம். குளத்தைச் சுற்றிப் பல இடங்களில் சின்னச் சின்னப் பெட்டிக்கடைகளாகப் போட்டுக்கொள்ளட்டும். அவர் படுத்துவிட்டால் கூட்டம் பல பேருக்குப் பிரிந்து போகும். யார் முதுகும் உடையாது.

"ரெண்டு பேரும் ஸ்டாக்கிஸ்டா இருந்திருக்கலாம்" என்றார் மாமனார். அவர் அகராதியில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

1998-ல் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு எம்.ஐ.டி.யில் நடந்த தொழில் முனைவோர் போட்டிக்குப் போனார்கள். 50,000 டாலர் போட்டி. ஃபைனல் வரை வந்தார்கள், பரிசு கிடைக்கவில்லை. தோற்றவர்கள் அதே வருஷம் ஆகஸ்டில் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். ஜெயித்தது யார் என்று தேட எனக்கு நேரமில்லை.

இனிமேல் வருவது என் பாடம், காமர்ஸ். 1999 அக்டோபர் 29-ல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். ஒரு பங்கு 26 டாலர். அன்று சாயங்காலம் மணி அடித்தபோது 145 டாலர் சொச்சம். 2000 ஜனவரியில் 340-ஐயும் தாண்டியது. லாபம் என்று ஒரு பைசா பார்க்காத கம்பெனி! அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' என்று போட்டால் இட்லி மாவுக்கடைப் பங்கைக்கூட வாங்கியிருப்பார்கள். அந்த ஜோரில் அதே 2000-ல் இன்டர்வியூ என்ற கம்பெனியை 280 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ரொக்கம் இல்லை, தன் பங்குகளையே கொடுத்து வாங்கினார்கள். பிறகு குமிழி உடைந்ததா, அந்த விலையின் பெரும்பகுதி வெறும் 'குட்வில்'தான் என்று தெரிந்து 2001-ல் கணக்கிலிருந்து எழுதித் தள்ளினார்கள். அந்த வருஷ நஷ்டம் சுமார் 240 கோடி டாலர். பி.காம்.மில் குட்வில் பாடத்துக்கு எனக்கு மார்க் வராததில் ஆச்சரியமில்லை என்று இப்போது தோன்றுகிறது. பெரிய இடத்திலேயே அந்தக் கணக்கு தப்பியிருக்கிறது!

ஆட்குறைப்பு நடந்தது. பங்கு விலை தினம் ஒரு படி இறங்கியது.

2001 செப்டம்பர் 11 காலை, லெவின் வேலை விஷயமாக பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11-ஆம் நம்பர் விமானத்தில் ஏறினார். ஒன்பதாவது வரிசை. கடத்தல்காரர்களில் இருவர் அவருக்கு முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவன் பின்னால். முன்னால் இருந்தவர்களைத் தடுக்க அவர் முயன்றிருக்கலாம், பின்னால் ஒருவன் இருப்பதை அறியாமல் இருந்திருக்கலாம் என்பது அரசு விசாரணைக் குழுவின் அனுமானம். விமானம் 8.46-க்கு நியூயார்க் கோபுரத்தில் மோதியது. அதற்கு முன்பே அவர் குத்தப்பட்டிருந்தார். அன்றைய சாவுகளில் முதல் சாவு அவருடையதாகவே இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். வயது 31.

என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள உலகமே அந்தக் காலையில் செய்தித் தளங்களைத் திறந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு. தளங்கள் ஒவ்வொன்றாக மூச்சுத் திணறின. கேம்பிரிட்ஜ் ஆபீஸில் இருந்தவர்களுக்கு, தங்கள் ஆள் அந்த விமானத்தில் இருந்தார் என்ற செய்தி வந்தது. அழுதுகொண்டே வேலை பார்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் தளங்கள் விழாமல் தாங்கிப் பிடித்தார்கள். தாங்கியது லெவின் எழுதிய கணக்கு.

இதைச் சொன்னபோது மாமனார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் அகமாய் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. 145-ல் வாங்கியவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! ஆனால் கடை மூடவில்லை. 2004-ல் முதல் முறையாக வருஷ லாபம் காட்டினார்கள். கணக்கு வாத்தியார் லெய்ட்டன் கம்பெனியை விட்டுப் போகவே இல்லை. 2013-லிருந்து அவரே தலைமைச் செயல் அதிகாரி. இன்று 130 நாடுகளுக்கு மேல், 4,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன.

"மார்ஜின் எவ்வளவு?" என்றார் மாமனார். தொழில் புத்தி.

அங்கேதான் கஷ்டம். சுமப்பதற்குக் கூலி வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அமேஸான், கிளவுட்ஃப்ளேர், ஃபாஸ்ட்லி என்று போட்டிக்கு ஆள் வந்துவிட்டது. பெரிய வாடிக்கைகள் சொந்த வண்டி வாங்கிவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் 2012-லேயே தன் படங்களைக் கொண்டுபோகத் தனி ஏற்பாடு செய்துகொண்டது. பிஸ்கட் கம்பெனி நேராகவே கடைக்கு வண்டி அனுப்ப ஆரம்பித்த வருஷத்தை மாமனார் இன்னும் மறக்கவில்லை. முகத்தில் அது தெரிந்தது.

அகமாய் என்ன செய்தது? வாசலில் நிற்கிறவனுக்குத்தானே திருடனை முதலில் தெரியும்? வாட்ச்மேன் உத்தியோகத்தையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு தளத்தைப் படுக்கவைப்பதற்காகவே பொய்க் கூட்டத்தை ஏவி விடுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை மயக்கி ஒரே வாசலில் கொண்டுவந்து தள்ளுவார்கள். நிஜக் கூட்டத்தையும் பொய்க் கூட்டத்தையும் வாசலிலேயே பிரிப்பது ஒரு வியாபாரம். இதற்காகவே 2014-ல் ப்ரோலெக்ஸிக் என்ற கம்பெனியை வாங்கினார்கள். 2022-ல் லினோட் என்ற இன்னொன்றை 90 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அது கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற இடம். மேகம், கிளவுட் என்று மிரட்டுவதெல்லாம் இதுதான், நம்ம ஊர் வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஆனால் அவர்கள் பொறுப்பு. 2024-ல் மொத்த வருமானம் சுமார் 400 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் வாட்ச்மேன் சம்பளம்! சரக்குச் சுமந்த கூலி மூன்றில் ஒரு பங்குதான்.

"நான் கோடவுனுக்கு கூர்க்கா போட்டதுக்கு எனக்கு எவன் காசு கொடுத்தான்?" என்றார் மாமனார். நியாயமான கேள்வி.

இவ்வளவு பெரிய ஆளின் பெயரை நீங்களோ நானோ கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒரு நாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. 2021 ஜூலை 22. எந்தப் பெயருள்ள தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்கிற டைரக்டரி வேலையையும் இவர்கள் பார்க்கிறார்கள். அதில் ஏதோ ஒரு மாற்றம் செய்யப் போய், ஒளிந்திருந்த பிழை ஒன்று கிளம்பிவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் உலகத்தில் விமானக் கம்பெனிகள், பாங்குகளின் தளங்கள் காணாமல் போயின. நம் நாட்டில் ஸோமாட்டோ, பேடிஎம் எல்லாம் விழித்தன. சாப்பாடு வராமல் போனதும்தான் ஜனங்கள் கேட்டார்கள், 'யாருய்யா அகமாய்?' என்று.

மாமனார் முகத்தில் அப்போது ஒரு திருப்தி. உலகத்தின் பெரிய ஸ்டாக்கிஸ்டுக்கும் அதே சுயசரிதைதான்.

மெக்கானிக் இன்றைக்கும் வரவில்லை. ஊறுகாய் ஜாடி, செல்போன், இன்னொரு மேட்ச். பத்தாவது ஓவர் வாக்கில் மாமனார் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருந்ததா?"

எந்தப் பையன் என்று எனக்கு ஒரு விநாடி புரியவில்லை.

"ஆயிருந்தது மாமா. ரெண்டு ஆண் குழந்தைங்க."

"பேராவது வச்சாங்களா எங்கேயாவது?"

வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கணிதத்துக்காக வருஷா வருஷம் ஒரு மாநாடு கூடுகிறது. 1997-ல் அந்தக் கட்டுரை படிக்கப்பட்டதும் அதே மாநாட்டில்தான். மாணவர் எழுதிய சிறந்த கட்டுரைக்கு அங்கே கொடுக்கிற பரிசு டேனி லெவின் பெயரில் இருக்கிறது. சொன்னேன். தலையை ஆட்டினார்.

மேல் வீட்டில் "ஓ...!" என்று கூச்சல் கிளம்பியது. யார் அவுட் என்று நான் மாடியை எட்டிப் பார்க்கப் போனேன். மாமனார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்க மாப்ளே. நம்ம வண்டி இன்னும் வரலை."